ஊடல் தீர்ந்து ஆற்றுக்கு வரும் அண்ணாமலையார்!

தியாகதுருகம் முதல் மணலூர்பேட்டை வரை... ஐந்து நாள் பொங்கல் யாத்திரை

''பொங்கலுக்கு நாலு நாள் சேர்ந்தாற்போல் லீவு வருது. ஆலப்புழைக்குப் போய்ப் படகு வீட்டில் ரெண்டு நாள் இருந்துட்டு வரலாம்னு பசங்க ஆசைப்படறாங்க. பண்டிகை நாளும் அதுவுமா வீட்டைப் பூட்டிக்கிட்டுப் போகலாமா? மனசு ஒப்பலை!''

சென்னையில், கோயில் பிராகாரத்தில் அமர்ந்திருந்தபோது ஒரு சகோதரி கேட்ட கேள்வி இது. இதே தவிப்பு உங்களில் பலருக்கும் இருக்கும். பிள்ளைகளின் ஆசையையும் தட்ட முடியவில்லை. குலவழக்கத்தையும் விட முடியவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அறுவடைப் பண்டிகையின்போது தண்ணீரைத் தேடிப் போக வேண்டும் என்று பிள்ளைகளுக்குத் தோன்றியதில் தவறே இல்லை. அது நம் முன்னோரின் வழக்கம்தான். தை மாதத்தில் கன்னிப்பெண்கள் நீராடி நோன்பு நோற்ற 'தைந்நீராடல்' பற்றிப் பரிபாடல், நற்றிணை முதலான சங்க நூல்கள் பேசுகின்றன. கேரளத்திலும் அப்படித்தான். ஆரன்முளை பார்த்தசாரதி கோயிலின் திருவோண விருந்துக்குத் தேவையான அரிசியும் காய்கறிகளும் பம்பை நதி வழியே 'திருவோணத் தோணி'யில்தான் வந்து சேரும். விளைச்சலையும் தண்ணீரையும் பிரித்துப் பார்க்க நம் பெரியவர்களுக்குத் தெரியாது.

ஆனால், அதற்காக ஆலப்புழை வரை போக வேண்டியதில்லை. சென்னையிலிருந்து சில மணி நேரப் பயணத்தில், தெய்வமே ஆற்றைத் தேடி வருகிற தலம் ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. நாம் பொங்கலை மூன்றாம் நாளோடு முடித்துக்கொள்கிறோம். தென்பெண்ணைக் கரை மக்களுக்கோ, ஐந்தாம் நாள்தான் பண்டிகை நிறைவு பெறுகிறது. அவசரப்படாமல், ஒரு நாளைக்கு ஒரு தலம் என்று நிதானமாக இந்த ஐந்து நாட்களையும் கழித்துப் பாருங்களேன். பொங்கல் நமக்குச் சொல்லித் தரும் பாடம் முழுமையாகப் புரியும்.

தை முதல் நாள்: கோட்டைக்குக் கீழே ஒரு பானை

திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில் உளுந்தூர்பேட்டை வரை வந்து, சேலம் சாலையில் மேற்கே திரும்பினால் சுமார் அரை மணி நேரத்தில் தியாகதுருகம். 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து உதயமான கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது இந்த ஊர்.

ஊருக்குள் நுழையும்போதே, பாறைக் குன்றும் அதன்மேல் எஞ்சியிருக்கும் கோட்டை மதில்களும் கண்ணில் படும். 18-ஆம் நூற்றாண்டுப் போர்களில் ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், மைசூர்ப் படையினர் எனப் பலரும் இந்தக் கோட்டைக்காக மோதியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட இன்று இங்கே இல்லை. குன்றின் அடிவாரத்தில் ஏர் உழுதவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மட்டும் இருக்கிறார்கள். அவர்கள் வாசலில் பொங்கல் பானையும் இருக்கிறது!

சுற்றிலும் நெல்லும் கரும்பும் விளையும் பூமி. கச்சிராயபாளையத்திலும் மூங்கில்துறைப்பட்டிலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் உண்டு. பொங்கலுக்கு நாம் வாங்கும் செங்கரும்பு வேறு, ஆலைக்குப் போகும் வெள்ளைக் கரும்பு வேறு என்பதை உங்கள் பிள்ளைகளுக்கு இங்கே காட்டலாம்.

இந்தப் பக்கம் உறவினர் வீடு இருந்தால் அங்கேயே பொங்கல் வையுங்கள். இல்லாவிட்டால், அதிகாலையில் உங்கள் வீட்டிலேயே பொங்கலிட்டுச் சூரியநாராயணருக்கு நைவேத்தியம் செய்துவிட்டுப் புறப்படுங்கள். பண்டிகையை விட்டுவிட்டுப் போகிறோம் என்ற குறை இருக்காது. மாலையில் வந்து சேர்ந்து, கள்ளக்குறிச்சியில் தங்கலாம்.

கிராமத்தில் பொங்கலை வாசலில்தான் வைக்கிறார்கள். புதுப்பானைக்கு மஞ்சள் கொத்து கட்டி, கிழக்கு பார்த்து அடுப்பு மூட்டி, பால் பொங்கும்வரை குடும்பமே கூடி நிற்கிறது. குக்கரில் விசில் எண்ணிப் பழகிவிட்ட நமக்கு, இந்தக் காத்திருப்பே ஒரு வழிபாடாகத் தெரிகிறது.

முதல் நாளின் பாடம்: கேட்காமலே கொடுக்கும் கதிரவனுக்கு முதல் நன்றி.

தை இரண்டு: பசுக்களும் பசுபதியும்

காலையில் கனுப்பிடி வைக்கும் வழக்கம் உள்ளவர்கள், இங்கேயும் அதைச் செய்யலாம். மொட்டை மாடியில் வைத்துப் பழகிய நமக்கு, மஞ்சள் இலை விரித்து மண் தரையில் வைக்கும்போது கிடைக்கிற நிறைவே தனி! கூப்பிடும் முன்பே காகங்கள் வந்துவிடுகின்றன.

பிறகு, தியாகதுருகத்தை அடுத்த வரஞ்சரம் கிராமத்தில் அருளும் பசுபதீஸ்வரரைத் தரிசித்து வாருங்கள். மாட்டுப் பொங்கலன்று பசுபதியைத் தரிசிப்பது எவ்வளவு பொருத்தம்! சைவ சித்தாந்தத்தில் 'பசு' என்பது உயிர்களைக் குறிக்கும். பாசம் என்கிற கயிற்றால் கட்டப்பட்ட உயிர்களுக்கெல்லாம் அவனே பதி. மாலையில், கிராமத்தில் மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் பூசி, பழைய கயிற்றை மாற்றிப் புதுக்கயிறு கட்டுவதைப் பார்க்கும்போது இந்தத் தத்துவம் தானாகவே மனதில் பதியும்.

இதே நாளில் திருவண்ணாமலையில் என்ன நடக்கிறது தெரியுமா? நமது யாத்திரையின் நிறைவுக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது. ஆகவே, அந்த வைபவத்தையும் தெரிந்துகொள்வோம்.

மாட்டுப் பொங்கலன்று அங்கே நந்திகளுக்குப் பழங்களாலும் பலகாரங்களாலும் மாலை சாற்றுவார்கள். அதிகாலையில் அண்ணாமலையார் நந்திக்கும் சூரியனுக்கும் காட்சி தருகிறார். அன்று மாலையில்தான் புகழ்பெற்ற 'திருவூடல்'.

பிருங்கி முனிவர் சிவனாரைத் தவிர வேறு யாரையும் வணங்காதவர். அம்பிகையை விலக்கிவிட்டுச் சுவாமியை மட்டும் வலம் வந்தவர். அவருக்கு அருள்செய்யச் சுவாமி புறப்படுகிறார். ''என்னை மதிக்காதவருக்கு நீங்கள் எப்படிக் காட்சி தரலாம்?'' என்று அம்பாளுக்குக் கோபம். திருவூடல் வீதியில் இருவரும் எதிரெதிரே நிற்க, சுந்தரர் நடுவில் தூது போகிறார். சமாதானம் ஆகவில்லை. அம்பாள் கோயிலுக்குள் சென்று கதவைச் சாத்திக்கொள்கிறாள். சுவாமியோ குமரக்கோயிலில் தங்கிவிடுகிறார்!

குடும்பம் என்றால் கோபம் வரும். சுவாமியின் வீட்டுக்கே அது விலக்கில்லை என்பதுதான் எத்தனை ஆறுதல்!

இரண்டாம் நாளின் பாடம்: நமக்காக உழைத்த வாயில்லா ஜீவன்களுக்கு நன்றி.

தை மூன்று: கோமுகியின் கரையில்

காணும் பொங்கலன்று, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று போய்ப் பார்ப்போம்.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கச்சிராயபாளையத்தை ஒட்டி, கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கிறது கோமுகி அணை. மலையில் பெய்யும் மழைநீரைத் தேக்கிவைக்கும் இந்த அணையின் உயரம் 46 அடி. இங்கே படகு வீடும் கிடையாது, ஆரவாரமும் கிடையாது. நீல மலையும், அதன் நிழல் விழும் நீரும், கரையோரம் கொக்குகளும்தான். கட்டுச்சோறு கொண்டுபோனால் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பிள்ளைகளோடு பேசிக்கொண்டே பொழுதைக் கழிக்கலாம். பிள்ளைகள் செல்போனைக் கீழே வைப்பதற்கு இதைவிட நல்ல இடம் வேறு எது?

'கோமுகி' என்ற பெயரை யோசித்துப் பாருங்கள். சிவாலயத்தில் கருவறைக்கு வெளியே, அபிஷேக நீர் வந்து விழும் துவாரத்தைக் கோமுகி என்போம். அதில் வழியும் தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொள்கிறோம் அல்லவா? இங்கே மலையே லிங்கம், மழையே அபிஷேகம், ஆறு அதன் கோமுகி! இந்த நீர் மணிமுக்தா ஆற்றோடு சேர்ந்து, பிறகு வெள்ளாற்றில் கலக்கிறது. மாசி மகத்தன்று விருத்தாசலத்தில் பக்தர்கள் நீராடுவது இந்த மணிமுக்தா நதியில்தான்.

மலைக்கு மேலே வசிக்கும் பழங்குடி மக்களை 'மலையாளிகள்' என்று அழைக்கிறார்கள். கேரளத்தோடு இவர்களுக்குத் தொடர்பு இல்லை. மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர். பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது இவர்களின் நம்பிக்கை. சாமையும் மரவள்ளியும் பயிரிடுகிறார்கள். காட்டில் கடுக்காய் சேகரிக்கிறார்கள். நம் வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கும் கடுக்காய்கூட இந்த மலையிலிருந்து வந்ததாக இருக்கலாம்!

இதே நாளில் அண்ணாமலையார் 14 கிலோமீட்டர் கிரிவலம் வந்து, பிருங்கி முனிவருக்குக் காட்சி தருகிறார். வழியில் அவரது நகைகள் களவு போவதாகவும் ஒரு நிகழ்ச்சி உண்டு. ஆலயம் திரும்பியதும் 'மறுவூடல்'. அம்பாள் மனம் இரங்கிக் கதவைத் திறக்கிறாள். இருவரும் சேர்ந்து காட்சி தருகிறார்கள்.

மூன்றாம் நாளின் பாடம்: நம் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீருக்கும் ஒரு பிறந்தகம் உண்டு. அதை ஒருமுறையேனும் போய்ப் பார்க்க வேண்டும்.

தை நான்கு: பாதி உடம்பு கேட்ட அம்பிகை

நான்காம் நாள் நமக்கெல்லாம் பாத்திரம் கழுவி எடுத்துவைக்கும் நாள். யாத்திரையில் இருக்கும் நமக்கோ, ரிஷிவந்தியம் தரிசனம்.

தியாகதுருகத்துக்கு வடக்கே அமைந்திருக்கும் இந்தத் தலத்தில், முத்தாம்பிகை உடனுறை அர்த்தநாரீஸ்வரராக அருள்கிறார் ஈசன். இங்கே தேன் அபிஷேகம் விசேஷம். லிங்கத் திருமேனியில் தேன் வழியும்போது அம்பிகையின் வடிவமும் சேர்ந்து தெரிவதாகச் சொல்லிச் சிலிர்க்கிறார்கள் பக்தர்கள். மற்ற அபிஷேகங்களில் சிவலிங்கமாகத் தெரியும் திருமேனி, தேன் வழியும்போது அம்மையப்பனாகக் காட்சி தருகிறது!

மாட்டுப் பொங்கலன்று அம்பாளுக்குக் கோபத்தை வரவழைத்தாரே, அந்தப் பிருங்கி முனிவரின் கதை இங்கேதான் நிறைவு பெறுகிறது என்றுகூடச் சொல்லலாம். தன்னை விலக்கி வலம் வந்தவருக்குப் பாடம் புகட்ட, ஈசனின் உடலில் பாதியைக் கேட்டுப் பெற்றாள் அம்பிகை என்பது புராணம். 'இனி எங்களை எப்படிப் பிரிப்பாய்?' என்று கேட்பதுபோல் நிற்கும் வடிவமே அர்த்தநாரீஸ்வரம். ஊடலின் முடிவு, முன்னைவிட நெருக்கமான கூடல்!

மாலையில் திருக்கோவிலூர் வந்துவிடுங்கள். அந்தகாசுரனை ஈசன் வதம் செய்த வீரட்டத் தலம் இது. உலகளந்த பெருமாளின் திவ்ய தேசமும் இதுவே. பொய்கையாழ்வார், பூதத்தாழ்வார், பேயாழ்வார் மூவரும் ஒரு மழை இரவில் சந்தித்துக்கொண்டது இங்கேதான். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்கிற அளவே இருந்த இடைகழியில், நாலாவதாக ஒருவர் வந்து நெருக்க, 'யார் அது?' என்று விளக்கேற்றிப் பார்த்தார்கள். வந்தவர் பெருமாள்! உறவினர் வந்து இடம் போதவில்லை என்று முகம் சுளிக்கும்போதெல்லாம் இந்த இடைகழியை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஊரை ஒட்டி ஓடுகிறது தென்பெண்ணை. ஆற்றின் நடுவே 'கபிலர் குன்று' என்னும் பாறையும் அதன்மேல் சிறு கோயிலும் தெரியும். பாரியின் பெண்களைக் கரைசேர்த்துவிட்டுக் கபிலர் உயிர்துறந்த இடம் என்கிறார்கள். இங்குள்ள வீரட்டானேஸ்வரர் கோயிலில் இருக்கும் முதலாம் ராஜராஜன் காலக் கல்வெட்டும் கபிலரைப் பற்றிக் குறிப்பிடுகிறது. எதிர்க்கரையில் அறகண்டநல்லூர். அங்கிருந்தபடியே திருஞானசம்பந்தர் திருவண்ணாமலையைக் கண்டு தொழுதார் என்பது வரலாறு. சம்பந்தப் பிள்ளை அங்கிருந்து அண்ணாமலையாரைப் பார்த்தார். நாளை அண்ணாமலையாரே இந்த ஆற்றுக்கு வரப்போகிறார்!

நான்காம் நாளின் பாடம்: விலகி நின்றவர்களோடு சேர்ந்துகொள்ளத்தான் பண்டிகை.

தை ஐந்து: ஆற்றுத் திருவிழா

தை ஐந்தாம் நாள் (ஆங்கிலத் தேதிப்படி ஜனவரி 18 அல்லது 19), தென்பெண்ணைக் கரை முழுவதும் ஆற்றுத் திருவிழா. விழுப்புரம் அருகே பிடாகம், கடலூர் என்று ஆற்றங்கரை ஊர்கள் அனைத்திலும் அன்று கூட்டம் அலைமோதும். சுற்றுவட்டாரக் கிராமக் கோயில்களின் உற்சவ மூர்த்திகள் அலங்காரத்தோடு ஆற்றுக்கு எழுந்தருள்வார்கள். கடலூர்ப் பக்கம் விழா மணலில் சுருளிக்கிழங்கு வாங்காமல் யாரும் வீடு திரும்புவதில்லை.

இதில் மணலூர்பேட்டைக்குத் தனிப் பெருமை. திருவண்ணாமலையிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர் பயணித்து, அண்ணாமலையாரே இங்கு தீர்த்தவாரிக்கு எழுந்தருள்கிறார். வழிநெடுக ஊர்களில் மக்கள் கோலமிட்டு, தேங்காய் உடைத்து, ஆரத்தி எடுத்து வரவேற்கிறார்கள். நாம் அவரைத் தேடி எத்தனை முறை கிரிவலம் போயிருக்கிறோம்! அன்று அவர் நம் வாசலுக்கு வருகிறார்.

தீர்த்தவாரியில் சுவாமியின் பிரதிநிதியாக அஸ்திர தேவரை, அதாவது சூலத்தை, ஆற்றில் நீராட்டுவார்கள். அந்த வேளையில் அந்த நதியே கங்கையாகிறது என்பது ஐதீகம். உடனே கரையில் காத்திருப்பவர்களும் நீராடுவார்கள். இயலாதவர்கள் நீரைத் தலையில் தெளித்துக்கொள்வார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழும். சுவாமி ஏன் ஆற்றுக்கு வர வேண்டும்? தினமும் அவருக்கு அபிஷேகம் நடக்கிறதே! நெல் விளைந்தது நீரால். பொங்கல் பொங்கியது நீரால். கதிரவனுக்கும் பசுவுக்கும் நன்றி சொன்ன நாம், நீருக்கு நன்றி சொல்ல மறந்துவிடுகிறோம். மறந்துபோன நன்றியை நினைவூட்ட, 'வாருங்கள், நானும் வருகிறேன்' என்று ஆண்டவனே முன்னால் நடப்பதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

ஆனால், இந்த ஆற்றுக்கு நன்றி சொல்வது அத்தனை எளிதல்ல. கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக வந்து, 1958-ல் கட்டப்பட்ட சாத்தனூர் அணையில் தங்கி, கடலூர் அருகே கடலில் சேரும் இந்த நதியில், வெறும் மணலை மட்டுமே பார்த்த ஆண்டுகள் பல. பிறகு ஒரே இரவில் கரை உடைந்த ஆண்டும் வந்தது. ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணை நிரம்பி, 2024 டிசம்பர் 2-ஆம் தேதி அதிகாலையில் விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. கரையோர ஊர்களில் வீடுகளும் வயல்களும் மூழ்கின. அறுவடைக்கு நின்ற பயிர் போயிற்று, மாடு போயிற்று, சேர்த்துவைத்த பாத்திரமும் போயிற்று.

அந்த வெள்ளத்துக்குப் பிறகு வந்த ஒரு தை ஐந்தாம் நாளில், மணலூர்பேட்டைக் கரையில் சுவாமிக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில், பித்தளைத் தட்டில் மஞ்சள், குங்குமம், ஒரு பிடி புது அரிசி, வெற்றிலைப் பாக்கோடு வயதான அம்மா ஒருவர். பேச்சுக் கொடுத்தேன். வெள்ளத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்ததாம். அரிசி மூட்டைகள், பீரோ, பேத்தியின் புத்தகங்கள் என எதுவுமே மிஞ்சவில்லையாம்.

மனதில் பட்டதைக் கேட்டுவிட்டேன். ''உங்க வீட்டையே முழுகடிச்ச ஆறாச்சே ஆயா... அதுக்கா மஞ்சளும் குங்குமமும்?''

அவர் சற்று நேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். ''ஏம்மா... சாமியே வூட்ல சண்டை போட்டுக்கிட்டு மலையச் சுத்திட்டுத்தான வந்துருக்கு? ஊடல் தீர்ந்தப்புறம்தான இங்க வருது? நாம மட்டும் ஆத்தோட பேசாமயே இருந்துட முடியுமா? அவ தண்ணி இல்லாம கெடந்தப்ப அவ மேல குப்பையக் கொட்னதும் நாமதான். மணல அள்ளிக்கிட்டுப் போனதும் மனுசங்கதான். கோவம் ரெண்டு பக்கமும் இருக்கும்மா. யாராச்சும் ஒருத்தர் மொதல்ல போவணும் இல்ல...''

மேளச் சத்தம் கேட்டது. ''சாமி வந்துருச்சு!'' என்று எழுந்து போய்விட்டார். ஊடல் உற்சவத்துக்கு எத்தனையோ விளக்கங்கள் கேட்டிருக்கிறேன். இப்படி ஒரு விளக்கத்தை அன்றுதான் கேட்டேன்.

ஐந்தாம் நாளின் பாடம் இதுதான்: கொடுத்தபோது மட்டும் சொல்வதல்ல நன்றி. கோபித்துக்கொண்டபோதும் போய் நின்று, நம் தவற்றையும் ஒப்புக்கொண்டு சொல்வதே நன்றி.

நம் சமையலறையிலிருந்து...

'மணலூர்பேட்டைக்காரர்கள் குப்பை கொட்டினால் நான் என்ன செய்வேன்?' என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. பெங்களூரு நகரின் கழிவுநீர் கலந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணைப் பகுதியில் தென்பெண்ணை வெள்ளை வெள்ளையாக நுரை பொங்கி ஓடும் காட்சியை செய்திகளில் பார்த்திருப்பீர்கள். பொங்கலில் பொங்க வேண்டியது பால். ஆறு பொங்குவது சோப்பு நுரையால் என்றால், அந்த நுரையில் ஏதோ ஒரு நகரத்து வீட்டின் துணிதுவைக்கும் பவுடரும் இருக்கிறது. எந்த ஊரில் இருந்தாலும் நம் வீட்டுச் சாக்கடைக்குக் கீழே ஓர் ஆறு உண்டு. அந்த ஆற்றின் கீழே, ஏதோ ஒரு துறையில் ஒரு தெய்வத்தின் தீர்த்தவாரியும் உண்டு!

வீட்டிலேயே செய்யலாம்

மணலூர்பேட்டைக்குப் போக முடியாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். தை ஐந்தாம் நாள் காலையில் வீட்டிலேயே எளிமையாக வழிபடலாம்.

* நீராடிய பிறகு, சுத்தமான செம்பில் தண்ணீர் நிரப்பி, சிறிது மஞ்சள்தூள், ஒரு பூ சேர்த்துக் கோலத்தின்மேல் வையுங்கள்.

* உங்கள் வீட்டுக்கு எந்த ஆற்றிலிருந்து, எந்த ஏரியிலிருந்து தண்ணீர் வருகிறதோ, அதன் பெயரைச் சொல்லி வணங்குங்கள். சென்னையில் பலருக்குச் செம்பரம்பாக்கம், பூண்டி, வீராணம்; கோவையில் சிறுவாணி; மதுரையில் வைகை; பெங்களூரில் காவிரி. பெயர் தெரியாவிட்டால் பிள்ளைகளைவிட்டுத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அவர்களுக்கும் இது பூஜைதான்.

* பொங்கலுக்கு வாங்கிய புது அரிசியில் ஒரு பிடி எடுத்துவைத்து, அன்று சர்க்கரைப் பொங்கலோ பாயசமோ செய்து நைவேத்தியம் செய்யுங்கள்.

* செம்பு நீரைச் சாக்கடையில் கொட்டாமல், துளசிக்கோ செடிக்கோ ஊற்றுங்கள்.

* பேசாமல் இருக்கும் உறவினர் யாரேனும் உண்டா? அன்று நீங்களே முதலில் போன் செய்யுங்கள். திருவூடலின் பலன் அதுதான்.

ஆற்றுக்குச் செல்பவர்கள் கவனத்துக்கு...

மணல் அள்ளிய இடங்களில் ஆழமான பள்ளங்கள் தண்ணீருக்கு அடியில் மறைந்திருக்கும். கரையோரம் முழங்கால் அளவு தெரிந்தாலும், அடுத்த அடியிலேயே ஆள் மூழ்கும் ஆழம் இருக்கலாம். எனவே, பிள்ளைகளைக் கையைப் பிடித்தபடி கரையோரமாக மட்டும் நீராடவையுங்கள். நீச்சல் தெரியும் என்று வாலிபப் பிள்ளைகள் சொன்னாலும் உள்ளே அனுப்ப வேண்டாம். காவல் துறையினர் கயிறு கட்டியிருந்தால் அதைத் தாண்டக் கூடாது.

ஆற்றில் பூவும் மஞ்சளும் சிறிதளவு போதும். பழைய துணி, கற்பூர உறை, ஷாம்பு பாக்கெட், உடைந்த சுவாமி படங்கள் ஆகியவற்றை ஆற்றில் விடுவது புண்ணியம் அல்ல. ஒரு துணிப்பையைக் கையோடு எடுத்துச்சென்று, உங்கள் குப்பையை நீங்களே திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். சோப்பு போட்டுக் குளிப்பதற்கு வீடு இருக்கிறது. தீர்த்தத்தில் மூன்று முறை மூழ்கி எழுந்தாலே போதும்.

எப்படிச் செல்வது?

தியாகதுருகம், உளுந்தூர்பேட்டை - சேலம் நெடுஞ்சாலையில், கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே உள்ளது. ரிஷிவந்தியம், திருக்கோவிலூருக்கு இங்கிருந்து வடக்கு நோக்கிப் பயணிக்க வேண்டும். ரயிலில் வருபவர்கள், விழுப்புரம் - காட்பாடி பாதையில் திருக்கோவிலூர் நிலையத்தில் இறங்கலாம். திருவண்ணாமலை, திருக்கோவிலூர் இரண்டு ஊர்களிலிருந்தும் மணலூர்பேட்டைக்குப் பேருந்தில் செல்லலாம். தை ஐந்தாம் நாள் கூட்டம் மிகுதியாக இருக்கும் என்பதால், காலையிலேயே சென்றுவிடுவது நல்லது.

பிராகாரத்தில் கேள்வி கேட்ட அந்தச் சகோதரிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: ''வீட்டைப் பூட்டிக்கிட்டுத் தாராளமாகப் போங்க. ஆனா, வேடிக்கை பார்க்கப் போகாதீங்க. நன்றி சொல்லப் போங்க. படகு வீட்டை இன்னொரு லீவுக்கு வெச்சுக்கலாம்.''

ஊடல் தீர்ந்த உண்ணாமுலை அம்மையும் அண்ணாமலையாரும் உங்கள் குடும்பத்தில் ஒற்றுமையையும், நம் ஆறுகளில் குறைவும் மிகையும் இல்லாத நீர்ப்பெருக்கையும் அருளட்டும்!